மார்சேயில் பிறந்தவரும் திருவந்திபுரத்துப் பெண்களும்

திருகோணமலைக் கோட்டையிலே பிரெஞ்சுக் கொடி பறந்த காலம் ஒன்றுண்டு என்று வகுப்பில் கூறினால் மாணாக்கர் சற்றே ஐயத்துடன்தான் நோக்குவர். போர்த்துக்கேயரையும் ஒல்லாந்தரையும் ஆங்கிலேயரையும் அவர்கள் பரீட்சைக்காக மனனம் செய்திருக்கிறார்கள். பிரெஞ்சுக்காரருக்கு அந்த வரிசையில் இடமில்லை. ஆயினும் 1782 ஆம் ஆண்டு ஆகஸ்ட் மாத இறுதியில் சுப்ரேன் என்னும் கடற்படைத் தளபதி நமது கோட்டையை ஆங்கிலேயரிடமிருந்து கைப்பற்றினார். சில தினங்களுள், செப்டெம்பர் 3 ஆந் தேதி, நம் கரைக்கு அப்பாலுள்ள கடலிலே இரு நாட்டுக் கப்பல்களும் பெரும் போர் புரிந்தன. பின்னர் 1784 இல் கோட்டை மீண்டும் ஒல்லாந்தர் கைக்குச் சென்றது. சுப்ரேன், பிரான்சின் தென்கரையிலுள்ள புரொவன்ஸ் மாகாணத்தவர். அம்மாகாணத்தின் பெருந்துறைமுகம் மார்சே.

நான் இன்று சொல்லப் புகுவது அந்த மார்சேயிலே பிறந்த வேறொருவருடைய கதை. அவர் வாளெடுத்து இந்தப் பக்கம் வந்தவரல்லர். இந்தியாவையோ இலங்கையையோ கண்ணாற் கண்டவருமல்லர். ஆயினும் கோயிலிலே ஆடும் பெண்ணொருத்தியைக் கதாநாயகியாக்கி, ருஷிய சக்கரவர்த்தியின் அரங்கிலே நிறுத்தி, உலகம் இன்றளவும் அவளைப் பார்த்துக் கண்கலங்கும்படி செய்துவிட்டார். அவர் பெயர் மரியுஸ் பெத்திப்பா.

இந்தப் பெயரை நான் நூல்களிலிருந்து முதலில் அறியவில்லை. என் தமக்கையின் மகள் ஐந்து வயது முதல் பரதம் கற்று வருகிறாள். வட இலங்கைச் சங்கீத சபையின் பரீட்சைகளை ஒவ்வொரு தரமாகத் தேறி வருபவள். ஒரு நாள் மாலை அவள் கைத்தொலைபேசியிலே பாலே நடனம் ஒன்றைப் பார்த்துக்கொண்டிருந்தாள். முக்காடிட்ட ஒரு வெள்ளைக்காரப் பெண் கோபுரம் போன்ற ஏதோவொன்றின் முன்னால் நுனிக்காலில் நின்று கைகளைத் தலைக்கு மேல் கூப்பிக்கொண்டிருந்தாள்.

“மாமா, இவ எந்தக் கோயிலில ஆடுறா?” என்று பிள்ளை கேட்டாள்.

வரலாறு கற்பிப்பவனிடம் இப்படியொரு கேள்வியைக் கேட்டுவிட்டால் அவன் சும்மா இருக்க முடியாது. தேடினேன். தேடத் தேட, அந்தக் கோயில் சென் பீட்டர்ஸ்பேர்க்கில் தொடங்கி, பாரிஸ் வழியாக, கடலூருக்குப் பக்கத்திலுள்ள ஒரு பெருமாள் கோயிலிலே வந்து நின்றது.

பெத்திப்பா 1818 ஆம் ஆண்டு மார்ச் 11 ஆந் தேதி பிறந்தார். தந்தை ழான் அந்துவான் ஆடலாசிரியர். தாய் நாடக நடிகை. நம்மூர் நட்டுவனார் வீடுகளைப் போலவே அந்த வீட்டிலும் கலை என்பது குலத்தொழில். ஏழு வயதில் தந்தையின் வகுப்பில் நின்றபோது, அவர் வயலின் வில்லினால் தம் கையில் அடித்து அடித்தே பாடம் புகட்டினார் என்று முதுமையில் எழுதிய நினைவுக் குறிப்புகளிலே பெத்திப்பா சொல்கிறார். தட்டுக்கழியின் சுவை அறிந்த நம் பிள்ளைகளுக்கு இது புதுமையாகத் தோன்றாது. சிறுபராயம் பிரஸ்ஸல்ஸ் நகரில் கழிந்தது. 1830 இல் அங்கே புரட்சி மூண்டு அரங்குகள் மூடப்பட்டபோது குடும்பம் வறுமையைக் கண்டது. அப்பால் நாந்த் நகரில் முதன்மை ஆடகர் பதவி, தந்தையோடு நியூயோர்க்குக்குச் சென்று வெறுங்கையோடு திரும்பிய பயணம், போர்தோ, மட்ரிட். மட்ரிட் நகரில் ஒரு காதல் விவகாரம் துவந்த யுத்தம் வரை சென்றதால் அங்கிருந்து ஓடவும் நேர்ந்தது. இவற்றை அவரே சற்றுப் பெருமையோடு எழுதியிருப்பதால் எவ்வளவு உப்புச் சேர்த்து உண்பது என்பதை வாசகர் விருப்பத்துக்கு விட்டுவிடலாம். 1847 இல், தமது இருபத்தொன்பதாம் வயதில், ருஷியாவின் தலைநகரிலே வந்திறங்கினார். இறங்கியவர் பின்னர் அறுபது ஆண்டுகளுக்கு மேல் அந்த நாட்டிலேயே வாழ்ந்து, அங்கேயே கண்மூடினார். ஆனால் ருஷிய மொழி அவருக்குக் கடைசிவரை சரியாக வாய்க்கவில்லை. உடைந்த ருஷியமும் பிரெஞ்சும் கலந்து பேசியே நூற்றுக்கணக்கான ஆடகரை ஆட்டுவித்தார்.

இனி, கோயிலுக்கு வருவோம்.

அந்தப் பாலேயின் பெயர் ‘லா பயதேர்’. பயதேர் என்றால் என்ன? போர்த்துக்கேய மொழியில் ஆடுதலைக் குறிக்கும் ஒரு வினையுண்டு. அதிலிருந்து ஆடுமகள் என்னும் பொருளில் ‘பைலதெய்ரா’ என்ற சொல் பிறந்தது. இந்தியக் கரைகளில் இறங்கிய போர்த்துக்கேயர் நம் தேவரடியார்களை அச்சொல்லால் அழைத்தனர். பிரெஞ்சுக்காரர் அதனைத் தம் நாவுக்கேற்பப் பயதேர் ஆக்கிக்கொண்டனர். அதே வினையிலிருந்துதான் நம் நாட்டுக் கல்யாண வீடுகளிலே வாத்தியம் முழங்க ஆடப்படும் ‘பைலா’வும் வந்தது. ஆகவே ருஷிய அரண்மனை அரங்கின் நாயகியும் நம் மட்டக்களப்புப் பறங்கியர் வீட்டுப் பைலாவும் சொல்லளவிலே ஒருதாய் மக்கள்!

பயதேர் என்னும் உருவம் ஐரோப்பியர் கற்பனையை வெகுகாலமாக ஆட்டிவைத்தது. ஜெர்மானியக் கவி கதே 1797 இல் இந்தியக் கடவுளொருவரையும் ஓர் ஆடுமகளையும் பற்றிக் கதைப்பாடல் ஒன்றை எழுதினார். அதைத் தழுவி 1830 இல் பாரிஸ் ஒப்பெரா அரங்கில் நாடகமொன்று மேடையேறியது. அதில் ஆடுமகளாகத் தோன்றியவர் அக்காலத்தில் ஐரோப்பா முழுவதும் கொண்டாடிய மரீ டாக்ளியோனி. வெள்ளை மெல்லுடை, நுனிக்கால், காற்றில் மிதக்கும் பஞ்சு போன்ற நடை. பாரிஸ் ரசிகருக்குத் தேவதாசி என்றால் டாக்ளியோனி என்று ஆகிவிட்டது.

எட்டு ஆண்டுகள் சென்றன. 1838 இல், கற்பனைக்குப் பதில் சொல்ல வருவதுபோல், உண்மையான தேவதாசிகள் ஐவர் கப்பலேறிப் பிரான்சிலே வந்து இறங்கினர்.

கடலூருக்கு அண்மையிலே திருவந்திபுரம் என்னும் திருத்தலம் இருக்கிறது. தேவநாதப் பெருமாள் எழுந்தருளியிருக்கும் திவ்வியதேசம். வேதாந்த தேசிகர் வாழ்ந்த ஊர். அக்கோயிற் பணிக்குரிய ஆடற்பெண்டிரை தார்திவெல் என்னும் பிரெஞ்சு வணிகர் ஒப்பந்தம் செய்து புதுச்சேரியிலிருந்து அழைத்துச் சென்றார். அவர்களுடன் வாத்தியக்காரர் மூவர். தாளம் தட்டிய முதியவர் பெயர் இராமலிங்கம். பெண்களின் பெயர்களைப் பிரெஞ்சுப் பத்திரிகைகள் தில்லே, அமனி, ராம்கூன், சூந்திரூன், வேதூன் என்று அச்சிட்டன. இவற்றைத் தமிழ்ச் செவியோடு கேட்டால் தில்லம்மாள், அம்மணி, ரங்கம், சவுந்தரம், வேதம் என்றே கேட்கிறது. மூத்தவளுக்கு முப்பது வயது, அம்மணிக்குப் பதினெட்டு, இருவர் பதின்மூன்று, பதினான்கு வயதுச் சிறுமியர், கடைக்குட்டி வேதத்துக்கு ஆறே வயது.

ஆறு வயதுப் பிள்ளை! பாய்க்கப்பலில், நன்னம்பிக்கை முனையைச் சுற்றி, மாதக்கணக்காக. நமது துறைமுகத்திலே கப்பல்கள் வந்துபோவதைப் பிறந்தது முதல் பார்த்தவன் என்றபடியால், இந்த இடத்துக்கு வரும்போதெல்லாம் என் மனம் சற்றுத் தங்கித்தான் அப்பால் செல்கிறது. எதற்காகப் போகிறோம் என்று அந்தக் குழந்தைக்கு யாராவது சொல்லியிருப்பார்களா? பருப்பும் சோறும் கிடைத்திருக்குமா?

ஜூலை மாதம் போர்தோ துறையில் இறங்கினர். ஆகஸ்ட் மாதம் பாரிஸ் நகரிலே ‘வரியெத்தே’ என்னும் அரங்கில் ஆடினர். லூயி பிலிப் மன்னர் முன்னிலையிலும் ஆடினர். திருமாலுக்கு அலங்காரம் செய்வதைக் காட்டும் ஆட்டம் ஒன்று. நீண்ட மெல்லிய துணியைச் சுழன்று சுழன்றே மடித்து அதிலே புறாக்களும் மரமும் தோன்றச் செய்யும் ஆட்டம் இன்னொன்று. பாரிஸ் ரசிகரிற் பலர் வியந்தனர், ஏமாந்தவர்களும் இருந்தனர். அவர்கள் எதிர்பார்த்தது டாக்ளியோனியின் வெண்பஞ்சு. வந்ததோ கரிய மேனி, நிலத்தை அறையும் பாதம், சலங்கை, உருண்டு பேசும் கண்.

வியந்தவர்களுள் முதல்வர் தெயோபில் கோத்தியே என்னும் கவிஞர். அக்காலப் பாரிஸ் பத்திரிகை உலகில் அவருடைய பேனாவுக்குத் தனி மதிப்புண்டு. அவர் இப்பெண்கள் தங்கியிருந்த வீட்டுக்கே சென்று பார்த்து நீண்ட கட்டுரை எழுதினார். அம்மணியைப் பற்றி எழுதும்போது அவர் மையில் கொஞ்சம் தேனும் கலந்துவிட்டது என்றே சொல்லவேண்டும். அவளுடைய மேனி நிறத்தைப் பழைய வெண்கலத்துக்கு ஒப்பிட்டார். சொன்னதுபோலவே, ஒகுஸ்த் பார் என்னும் சிற்பி அதே ஆண்டில் அம்மணியை வெண்கலத்தில் வார்த்தார். முந்திய ஆண்டில் அதே சிற்பி டாக்ளியோனியையும் சிறு சிலையாக வடித்திருந்தார். கற்பனைத் தேவதாசியும் மெய்த் தேவதாசியும் ஒரே கையால் உருவம் பெற்றனர். பாரிஸ் நகரை விட்டு அக்குழு லண்டன் சென்று அடெல்பி அரங்கிலும் ஆடியது.

அந்த 1838 ஆம் ஆண்டிலே பெத்திப்பா எங்கே இருந்தார்? நாந்த் நகரிலே, இருபது வயது இளைஞராய், தம் முதற் பதவியில். அம்மணிக்கு இரண்டு வயது மூத்தவர். இருவரையும் இணைக்கும் கயிறு கோத்தியேயின் கையில் இருந்தது. 1841 இல் கோத்தியே மற்றொருவருடன் சேர்ந்து ‘ஜிசெல்’ என்னும் புகழ்பெற்ற பாலேயின் கதையை எழுதினார். அதில் கதாநாயகனாக ஆடியவர் பெத்திப்பாவின் தமையன் லூசியன். 1858 இல் கோத்தியே நம் காளிதாசனின் சாகுந்தலத்தைப் பாலேக் கதையாக்கினார். பாரிஸ் ஒப்பெராவில் அதற்கு ஆட்டம் அமைத்தவரும் லூசியனே. அடுத்து, பெத்திப்பா ருஷியாவில் முதன்முதலாகப் பெரும்புகழ் ஈட்டிய ‘பாரவோனின் மகள்’ என்னும் 1862 ஆம் ஆண்டுப் பாலேயும் கோத்தியேயின் எகிப்தியக் கதையொன்றிலிருந்து கிளைத்தது. திருவந்திபுரத்துப் பெண்களைக் கண்டு நெஞ்சு நிறைந்த ஒரு கவிஞர், அந்தச் சகோதரர் இருவருக்கும் கதை ஊற்றாக இருந்தார் என்பதுதான் செய்தி.

1877 ஆம் ஆண்டின் தொடக்கத்தில் ‘லா பயதேர்’ சென் பீட்டர்ஸ்பேர்க்கில் மேடையேறியது. இசை மின்குஸ், நாயகி நிக்கியாவாக ஆடியவர் எக்கத்தரீனா வாஸெம். கதையைச் சுருக்கமாகக் கூறுகிறேன். நிக்கியா கோயிலுக்கு நேர்ந்துவிடப்பட்ட ஆடுமகள். சோலோர் என்னும் வீரன் வேள்வித்தீயின் முன் அவளுக்கு வாக்களிக்கிறான். கோயிலின் தலைமை அந்தணருக்கும் அவள்மேல் மோகம். அரசனோ தன் மகள் கம்சாத்தியைச் சோலோருக்கு மணம் பேசுகிறான். மண உறுதி விழாவிலே நிக்கியாவே ஆட வேண்டும் என்று கட்டளை. ஆடும்போது அவள் கையில் கொடுக்கப்பட்ட பூக்கூடைக்குள் பாம்பு. தீண்டியதும் அந்தணர் மாற்று மருந்தை நீட்டுகிறார், தன்னை ஏற்றுக்கொண்டால் என்ற நிபந்தனையோடு. அவள் மருந்தை மறுத்து மடிகிறாள். இறுதியில் தேவகோபத்தால் கோயிலே இடிந்து எல்லோர் மேலும் விழுகிறது.

நம்மவர் பார்த்தால் நகைக்க நிறைய உண்டு. அந்த அரசன் பெயர் துக்மந்தா. காளிதாசனின் துஷ்யந்தன்தான் வழிதவறிக் கொல்கொண்டாவுக்கு அரசனாகியிருக்கிறான்! கொல்கொண்டா சுல்தான்களின் தலைநகர் என்பது அவர்களுக்கு ஒரு பொருட்டாகப் படவில்லை. தலையில் குடம் வைத்து ஒரு பெண் ஆடும் சிறு ஆட்டத்துக்கு ‘மனு’ என்று பெயர். தருமசாத்திரம் எழுதியவர் குடமாடுவார் என்று யார் கண்டது? மேனி முழுதும் பொன்பூசிய சிலையொன்று எழுந்து குதித்தாடுகிறதே, அதைக் கண்டு என் மருமகள் விழுந்து விழுந்து சிரித்தாள். நியாயம் பேசுவதானால் அந்தப் பொற்சிலையைப் பெத்திப்பாவின் கணக்கில் எழுதலாகாது. அது 1948 இல் பிறர் சேர்த்தது. “கோயிலுக்கு நேர்ந்த பிள்ளை ஒரு கும்பிடுகூட ஒழுங்காப் போடேல்லையே மாமா” என்பது அவளுடைய தீர்ப்பு.

ஆனால் அதே பிள்ளை ஓரிடத்தில் சிரிப்பை நிறுத்திவிட்டாள்.

நிக்கியா இறந்தபின் சோலோர் துயரம் தாளாமல் அபின் புகைத்து மயங்குகிறான். அவன் கனவிலே ஆவிகளின் உலகம் தோன்றுகிறது. மேடையின் பின்புறத்தில் இருளிலே ஒரு சரிவு. அச்சரிவிலே வெள்ளுடை தரித்த ஒரு பெண் தோன்றுகிறாள். ஒரு காலில் நின்று, மறுகாலைப் பின்னே நீட்டி, முன் சாய்ந்து, பின் நிமிர்ந்து வளைந்து, இரண்டடி நடக்கிறாள். அவளுக்குப் பின்னால் இன்னொருத்தி, அதே அசைவு. பின்னால் இன்னொருத்தி. ஒரே அசைவு, ஒரே இசை, வளர்ந்துகொண்டே போகும் வரிசை. பெத்திப்பா நாற்பத்தெட்டுப் பெண்கள் வரை இறக்கினார்; இன்று முப்பத்திரண்டோ இருபத்துநான்கோ இறங்குகிறார்கள். முதலில் வந்தவள் கடைசிப் பெண் இறங்கும்வரை அந்த ஓர் அசைவையே திரும்பத் திரும்பச் செய்ய வேண்டும், கால் நடுங்கலாகாது. தாந்தேயின் காவியத்துக்குக் குஸ்தாவ் டோரே வரைந்த வானவர் சித்திரமே இக்காட்சிக்குத் தூண்டுதல் என்பர். கதையில்லை, வேடிக்கையில்லை, அலங்காரமில்லை. ஓர் அடவை எடுத்து அதன் உயிரை முழுதாக வெளிக்கொணர்தல் மாத்திரமே. அலாரிப்பு ஆடிய பிள்ளைக்கு அது விளங்கிற்று. கண், கழுத்து, தோள், கை, அரைமண்டி என்று ஒரு சிறு அசைவிலிருந்து உடல் முழுவதையும் மலர்த்துவதல்லவா நம் அலாரிப்பு?

வேற்றுமையும் எனக்குத் தெரியாமலில்லை. முழங்கால்களை வெளிப்புறம் திருப்பி நிற்பது இரண்டுக்கும் பொது. அப்படித் திருப்பிய காலைக் கொண்டு பாலே மேலே பறக்கப் பார்க்கிறது, பரதமோ பூமியிலே ஊன்றி உட்காருகிறது.

இவ்விடத்தில் இன்னொன்றைச் சொல்லாமல் விடல் முறையன்று. பெத்திப்பாவைப் பாலேயின் இலக்கண ஆசிரியர் என்று உலகம் போற்றுகிறது. இணையாட்டத்துக்கு வரவேற்பு, மெல்லசைவு, தனியாட்டங்கள், துரித முடிவு என்று ஒழுங்கை நிலைநிறுத்தியவர் அவர். வீட்டிலே காகிதக் கூழால் செய்த சிறு பொம்மைகளை மேசையில் சதுரங்கக் காய்போல் நகர்த்திக் கூட்டாட்டங்களைத் திட்டமிடுவாராம். ‘உறங்கும் அழகி’ என்னும் பாலேயை 1890 இல் மேடையேற்றும் முன் இசைமேதை சைக்கோவ்ஸ்கிக்கு எந்த இடத்தில் எத்தனை தாள அளவு, எத்தகைய இசை என்று எழுதிக்கொடுத்தவர். அவர் பிறந்த காலத்திலே நம் தஞ்சாவூரில் யார் இருந்தார்கள்? சின்னையா, பொன்னையா, சிவானந்தம், வடிவேலு என்னும் நான்கு சகோதரர். 1802 முதல் 1810 வரை பிறந்தவர்கள். அலாரிப்பு, ஜதீஸ்வரம், சப்தம், வர்ணம், பதம், தில்லானா என்று இன்றைக்கும் நம் பிள்ளைகள் அரங்கேற்றத்தில் ஆடும் அந்த ஒழுங்கை அமைத்தவர்கள் இவர்களே. இருவேறு கண்டங்களில், ஏறக்குறைய ஒரே நூற்றாண்டுக்குள், இரண்டு ஆடற்கலைகள் தத்தம் இலக்கணத்தைக் கண்டன. நமது சபைகளிலே பேசுவோர் பரதம் ஈராயிரம் ஆண்டுப் பழமையுடையது என்று முழங்கிவிட்டு அமர்ந்துவிடுகிறார்கள்; தஞ்சை நால்வரின் பெயரைச் சொல்வோர் அருமை. பழமையைப் பேசும் ஆவலில் உழைத்தவர்களை மறப்பது எனக்கு உவப்பானதன்று.

மறதி என்றேன். அங்கேதான் எனக்குப் பெரும் வேதனை. பெத்திப்பாவின் பாலேக்கள் பல, ஸ்தெப்பானோவ் என்பவர் வகுத்த குறியீட்டு முறைப்படி ஏடுகளில் எழுதிவைக்கப்பட்டன. ருஷியப் புரட்சியின்பின் செர்கேயெவ் என்னும் அரங்க மேலாளர் அவ்வேடுகளைச் சுமந்துகொண்டு மேற்கே சென்றார். அவற்றைக் கொண்டே லண்டனில் அப்பாலேக்கள் மீண்டும் உயிர்பெற்றன. ஏடுகள் இன்று ஹார்வார்ட் பல்கலைக்கழகத்தில் உள்ளன. நிக்கியாவாக 1877 இல் ஆடியவர் வாஸெம் என்றும், 1900 இல் ஆடியவர் க்ஷெசின்ஸ்கா என்றும் நாம் அறிகிறோம். வடிவேலுவின் வர்ணங்களை முதன்முதல் ஆடிய பெண்களை இப்படிப் பெயர்சொல்லி அழைக்க இயலுமா? பெருமாள் சந்நிதியில் தலைமுறை தலைமுறையாக ஆடியவர்களுள் அம்மணி என்றொருத்தியை நாம் அறிவது, ஒரு பிரெஞ்சுச் சிற்பி வெண்கலம் உருக்கியதால் அல்லவா?

1902 இல் பெத்திப்பா எண்பதைக் கடந்த முதியவர். அவர் இருபத்தொரு வயதுப் பெண்ணொருத்திக்கு நிக்கியாவின் ஆட்டத்தைக் கற்பித்தார். மெலிந்த உடல், நீண்ட கால். அக்கால ரசனைக்கு அவள் போதிய உடற்கட்டு உள்ளவளாகவே கருதப்படவில்லை. அவள்தான் அன்னா பாவ்லோவா. அடுத்த ஆண்டே புதிய நிர்வாகத்தோடு மனம் கசந்து பெத்திப்பா பணியிலிருந்து ஒதுங்கினார். 1906 இல் வெளிவந்த அவருடைய நினைவுக் குறிப்புகளில் அந்தக் கசப்பு பக்கத்துக்குப் பக்கம் தெரிகிறது. 1910 இல் கருங்கடற் கரையிலுள்ள குர்சூஃப் என்னும் ஊரில் காலமானார். தமது காலம் முடிந்துவிட்டது, தம் படைப்புகள் சிதைக்கப்படுகின்றன என்ற நினைவோடே அவர் கண் மூடியிருக்க வேண்டும்.

பாவ்லோவாவோ உலகெங்கும் ஆடி, இந்தியாவுக்கும் வந்தார். 1928 இல் பம்பாயிலே அவருடைய ஆட்டத்தைக் கண்டு மனம் பறிகொடுத்தவர்களுள் மதுரையிற் பிறந்த ருக்மிணி தேவியும் ஒருவர். பின்னர் ஆஸ்திரேலியாவுக்குச் சென்ற கப்பலொன்றிலே இருவரும் சேர்ந்து பிரயாணம் செய்ய நேர்ந்தது, நட்பு வளர்ந்தது. ருக்மிணி தேவி பாவ்லோவாவின் குழுவைச் சேர்ந்த கிளியோ நோர்டியிடம் பாலே கற்கவும் தொடங்கினார். அப்பொழுது, உன் நாட்டுக் கலையைத் தேடிக் கண்டுகொள் என்று அவரைத் தூண்டியவர் பாவ்லோவா. 1933 இல் சென்னை சங்கீத வித்துவ சபையில் பந்தணைநல்லூர்ச் சகோதரிகளின் சதிர் கண்டார் ருக்மிணி தேவி. அதன்பின் தஞ்சை நால்வரின் வழிவந்த பந்தணைநல்லூர் மீனாட்சிசுந்தரம்பிள்ளையிடம் பயின்றார். 1935 டிசம்பரில் அடையாற்றிலே ஆடினார். 1936 இல் கலாக்ஷேத்திரத்தை நிறுவினார். அங்கு கற்றுத் திரும்பிய ஆசிரியைகள் வழியாக இலங்கைத் தமிழ்ப் பிள்ளைகள் எத்தனையோ பேருக்கு இக்கலை வந்து சேர்ந்தது. பெத்திப்பாவின் பொய்த் தேவதாசியை ஆடிக் கற்றவர் ஒருத்தி, மெய்த் தேவதாசியின் கலையைத் தேடும்படி ஒரு தமிழ்ப்பெண்ணை அனுப்பிவைத்தாள் என்று நான் இதை வாசித்துக்கொள்கிறேன்.

வாசித்துக்கொள்ளும்போது ஓர் உறுத்தலும் எழாமலில்லை. அதே காலத்தில்தான் தேவதாசி என்னும் சொல் நம்மிடையே வசையாக மாறியது. கோயிலுக்குப் பெண்களைப் பொட்டுக்கட்டி விடும் வழக்கத்தை ஒழிக்க டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி போராடினார்; 1947 இல் சென்னை மாகாணத்தில் சட்டம் வந்தது. அந்தக் கட்டிலிருந்து பெண்கள் விடுபட்டது நன்று. அதிலே எனக்கு ஐயமில்லை. ஆனால் கட்டை அறுத்தவர்கள் கலையை ஏந்தியிருந்த கைகளையும் ஒதுக்கிவிட்டார்கள். சதிரைக் குலமரபில் பெற்று, 1918 முதல் 1984 வரை வாழ்ந்து, வெளிநாட்டு அரங்குகளிலும் அதன் பெருமையை நிலைநாட்டிய பாலசரஸ்வதி இதைப்பற்றி வாய்திறந்து வாதாடினார். ஐரோப்பியர் தேவதாசியை மேகத்தில் ஏற்றினர். நாம் தெருவில் இறக்கினோம். ஆடுவதற்கு அவள் கற்ற பாடம் எவ்வளவு நீண்டது என்பதை இரு சாராரும் கேட்கவில்லை.

‘லா பயதேர்’ பின்னர் பாரிஸுக்கே திரும்பி வந்தது. ருஷியாவிலிருந்து பிரிந்து சென்ற பேராடகர் ருடோல்ப் நுரேயெவ் 1992 ஒக்டோபரில் அதை முழுமையாகப் பாரிஸ் ஒப்பெராவில் மேடையேற்றினார். அப்போது அவர் கடும் நோயாளி. மூன்று மாதங்களுள் உயிர் நீத்தார். அவர் அமைத்த அந்த ஆட்டத்தைத்தான் என் மருமகள் தொலைபேசியிலே பார்த்துக்கொண்டிருந்தாள்.

இத்தனையையும் நான் வீட்டிலே சொல்ல நேர்ந்ததற்குக் காரணம் ஒன்றுண்டு. பிள்ளை க.பொ.த. உயர்தரத்துக்குப் பாடம் தெரிவு செய்யவேண்டிய தருணம். அவள் நடனத்தை ஒரு பாடமாக எடுத்து, மட்டக்களப்பிலுள்ள சுவாமி விபுலாநந்த அழகியற் கற்கைகள் நிறுவகத்துக்குச் செல்ல வேண்டும் என்கிறாள். அத்தானுக்கு அதில் விருப்பமில்லை. அவர் துறைமுகத்திலே முப்பது வருடமாக வேலை பார்ப்பவர். வரவும் செலவும் அறிந்தவர். வணிகப் பிரிவு எடுத்தால் ஒரு வங்கியிலாவது அமரலாம் என்பது அவர் வாதம். அவர் வாதத்தை எள்ளி நகையாட எனக்கு மனமில்லை. சங்கீத ஆசிரியர் நியமனத்துக்கும் நடன ஆசிரியர் நியமனத்துக்கும் பட்டதாரிகள் எத்தனை வருடம் காத்திருக்கிறார்கள் என்பதை நானே கண்டிருக்கிறேன்.

இரவு உணவின் பின் அத்தான் முழுக்கதையையும் பேசாமல் கேட்டுக்கொண்டிருந்தார். சக்கரவர்த்தியைப் பற்றியோ டாக்ளியோனியைப் பற்றியோ ஒன்றும் கேட்கவில்லை.

“அந்தச் சின்னப் பிள்ளையையும் கூட்டிக்கொண்டு போனவங்கள் எண்டீர். அவையளுக்குச் சம்பளம் ஒழுங்காக் குடுத்தவங்களோ?”

ஒப்பந்தம் எழுதப்பட்டிருந்தது என்றேன். பெத்திப்பாவுக்கு ஓய்வுபெற்ற பின்னரும் ஆயுட்காலம்வரை சம்பளம் கிடைத்தது என்றும் சொன்னேன்.

“அதைக் கேக்கேல்லை. எங்கட பிள்ளையளுக்கு” என்றார் அத்தான்.

மருமகள் உள்ளே சென்று, கல்லூரியில் கொடுத்த பாடத் தெரிவுப் படிவத்தை எடுத்துவந்து மேசையில் வைத்தாள். அவர் அதைக் கையில் எடுத்து, விளக்கு வெளிச்சத்துக்குப் பிடித்துப் பார்த்துவிட்டு, அக்காவிடம் தம் மூக்குக்கண்ணாடி எங்கே என்று கேட்டார்.